கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்: விவாகரத்து, குழந்தைப் பொறுப்பு வழக்குகளில் வரும் சொற்கள்

நீதிமன்றத்திலிருந்து வந்த கவரைப் பிரித்ததும் பெரும்பாலோர் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவார்கள். தன்னைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்து நாலாவது பத்தியிலேயே ரத்தம் கொதிக்கும். அதற்கு மேல் எதுவும் கண்ணில் ஏறாது. மனுவைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பதே சரி. ‘ஆகவே கனம் நீதிமன்றம் உத்தரவிடுமாறு வேண்டப்படுகிறது’ என்று அ, ஆ, இ எனப் பிரித்து எழுதியிருப்பது அங்கேதான். இதைப் பரிகாரம் என்றும் வேண்டுதல் என்றும் எழுதுவார்கள், வக்கீல்கள் ‘பிரேயர்’ என்பார்கள். எதிர்த்தரப்பு உண்மையில் கேட்பது என்ன என்பது அந்த ஐந்தாறு வரியில் இருக்கிறது. நீங்கள் மனுப் போடும்போதும் இதே கணக்குதான். மனுவின் நடுவில் பத்துப் பக்கம் அழுது எழுதியிருந்தாலும், கடைசிப் பக்கத்தில் கேட்காத ஒன்றை நீதிமன்றம் தானாக எடுத்துத் தராது.

அந்த வரிகளில் உள்ள சொற்கள்தான் சிக்கல். வீட்டில் ‘டைவர்ஸ்’, ‘ஜீவனாம்சம்’, ‘கஸ்டடி’ என்ற மூன்றே சொல்லில் முடித்துவிடுவதற்குப் பின்னால் நீதிமன்றத்தில் பத்துப் பதினைந்து தனித்தனிச் சொற்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேறு சட்டப் பிரிவு, வேறு மனு, வேறு கெடு. இங்கே சொல்வது தமிழ்நாட்டு நடைமுறை, பெரும்பாலும் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தை ஒட்டியது. பிற மதத்தாருக்கும் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கும் மாறும் இடங்களைப் பின்னால் பார்க்கலாம்.

எண்ணைப் பார்த்தே வழக்கைச் சொல்லலாம்

முதல் பக்கத்தில் பார்க்க வேண்டியவை நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், எந்தப் பிரிவின் கீழ் என்ற ஒரு வரி ஆகிய மூன்று மட்டுமே. குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் ஊரில் வழக்கு அங்கே வரும், இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றத்தில் வரும். எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகள் ஊருக்கு ஊர் சற்று மாறும். பொதுவாக எச்.எம்.ஓ.பி. அல்லது ஓ.பி. என்றால் இந்து திருமணச் சட்டத்தின் மூல மனு. ஐ.ஏ. என்றால் அந்த வழக்குக்குள் போடும் இடைக்கால மனு. எம்.சி. என்றால் ஜீவனாம்ச வழக்கு, ஜி.டபிள்யூ.ஓ.பி. என்றால் குழந்தைக்குப் பாதுகாவலர் கோரும் வழக்கு. இ.பி. என்றால் ஏற்கெனவே கிடைத்த உத்தரவை நிறைவேற்றக் கோரும் மனு. ஒரே குடும்பத்துக்கு இந்த ஐந்தும் ஒரே நேரத்தில் நடக்கலாம். ஒன்றில் ஆஜரானால் மற்றதிலும் ஆஜரானதாகாது. ஒரு நோட்டில் எண், நீதிமன்றம், அடுத்த வாய்தா தேதி என்று தனித்தனியாகக் குறித்துவையுங்கள். 16 இலக்க சி.என்.ஆர். எண் தெரிந்தால் இ-கோர்ட்ஸ் செயலியிலேயே வாய்தாவைப் பார்க்கலாம்.

வழக்குப் போட்டவர் மனுதாரர், மற்றவர் எதிர்மனுதாரர். எதிர்மனுதாரர் என்றதும் குற்றவாளிக் கூண்டு நினைவுக்கு வர வேண்டாம், இது சிவில் வழக்கு. அவர் எழுதித் தரும் பதில் எதிருரை. நீதிமன்ற வராந்தாவில் ‘கவுண்ட்டர்’ என்றால் அதுதான்.

சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்பினால் வழக்கு நகராது என்று பலர் நம்புகிறார்கள். நகரும். மறுத்தாலும் சேர்ப்பிக்கப்பட்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம், வீட்டுக் கதவில் ஒட்டலாம், செய்தித்தாளில் விளம்பரம் செய்ய உத்தரவிடலாம். அதன் பிறகும் வராதவரை ‘எக்ஸ்பார்ட்டி’ என்று அறிவித்து, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வழங்கிவிடுவார்கள். அதை நீக்கக் கோர 30 நாள் உண்டு. சம்மன் முறையாகச் சேராமல் இருந்திருந்தால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள். ‘எனக்குத் தெரியவே தெரியாது’ என்பதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும் என்பதால், சம்மனைக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்வதே மேல். வாங்கிக்கொள்வது ஒப்புக்கொள்வதாகாது.

பிரிவு என்று சொன்னால் எந்தப் பிரிவு?

விவாகரத்து, மணவிலக்கு, மணமுறிவு மூன்றும் ஒன்றே. செல்லத்தக்க ஒரு திருமணத்தை, தீர்ப்பு நாளிலிருந்து முடித்துவைப்பது. திருமணமாகி ஓராண்டு ஆவதற்குள் இந்த மனுவைப் போட முடியாது (14ஆம் பிரிவு). மனுதாரருக்கு மிகக் கடுமையான துன்பம் என்றோ, எதிர்த்தரப்பின் நடத்தை மிகக் கேவலமானது என்றோ காட்டினால் மட்டும் நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

செல்லாத் திருமணம் வேறு. முதல் மனைவி அல்லது கணவர் உயிரோடு, விவாகரத்தும் ஆகாமல் இருக்கும்போது நடந்த இரண்டாம் திருமணம் தொடக்கத்திலிருந்தே சட்டத்தின் கண்ணில் திருமணம் அல்ல (11ஆம் பிரிவு). 12ஆம் பிரிவில் வருவது இன்னொரு வகை. ஏமாற்றியோ வற்புறுத்தியோ பெற்ற சம்மதம், ஆண்மையின்மையால் உறவே நடக்காதது போன்ற காரணங்களால், பாதிக்கப்பட்டவர் கேட்டால் மட்டும் ரத்தாகும் திருமணம் அது. மோசடி தெரிந்த பிறகு ஓராண்டுக்குள் வர வேண்டும். தெரிந்த பிறகும் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். இங்கே பலர் தவறவிடுவது அந்த ஓராண்டைத்தான். பெரியவர்கள் பேசிப் பார்க்கலாம் என்று எட்டு மாதம், வக்கீல் தேடி நாலு மாதம் என்று காலம் போய்விடும். இப்படி ரத்தான திருமணத்தில் பிறந்த குழந்தைகள் 16ஆம் பிரிவின்படி முறையாகப் பிறந்தவர்களே, குழந்தையின் நிலை பறிபோகாது.

நீதிமுறைப் பிரிவு என்ற சொல் இருக்கிறதே, அது விவாகரத்து அல்ல. சேர்ந்து வாழ வேண்டிய கடமையிலிருந்து மட்டும் விடுவிக்கும் உத்தரவு. திருமணம் அப்படியே நிற்கும், இன்னொரு திருமணம் செய்ய முடியாது. இதற்கு நேர் எதிரானது 9ஆம் பிரிவின் ‘சேர்ந்து வாழக் கோரும் மனு’. காரணமின்றிப் பிரிந்துபோனவரைத் திரும்ப வரச் சொல்லிக் கேட்பது. கேட்க நல்லபடியாக இருக்கும். ஆனால் இந்த இரண்டு உத்தரவுகளில் எது கிடைத்தாலும், அதன் பிறகு ஓராண்டு சேர்ந்து வாழாமல் இருந்தால் அதுவே இரண்டு பேரில் எவரும் விவாகரத்து கேட்பதற்கான காரணமாகிவிடும். ஆகவே 9ஆம் பிரிவு நோட்டீஸ் வந்ததும் ‘மனம் மாறிவிட்டார்’ என்று மகிழ்வதற்கு முன் அதன் இரண்டாம் படியையும் எண்ணிப் பாருங்கள். உண்மையிலேயே வாழ அழைக்கும் மனுக்களும் உண்டு, பின்னால் வரப்போகும் விவாகரத்துக்குப் போடும் அடித்தளங்களும் உண்டு. இரண்டுக்கும் எதிருரை அவசியம்.

இனி, விவாகரத்துக்குக் காட்டும் காரணங்கள். ‘கொடுமை’ என்பது அடி உதை மட்டுமல்ல, மன வேதனையும் அடங்கும். அன்றாடச் சச்சரவு அடங்காது. தேதி, இடம், நேரில் கண்டவர் என்று சொல்லக்கூடிய நாலு சம்பவம், ‘எப்போதும் திட்டுவார்’ என்ற நாற்பது வரியைவிடக் கனமானது. ‘கைவிடல்’ என்றால் மனு போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டு தொடர்ச்சியாக, நியாயமான காரணமின்றி, மற்றவர் விருப்பத்துக்கு மாறாக விலகியிருப்பது. விரட்டப்பட்டு வெளியேறியவர் கைவிட்டவராக மாட்டார். ‘சேர்ந்து வாழவே முடியாத அளவு முறிந்துவிட்டது’ என்பது மட்டும் இந்து திருமணச் சட்டத்தில் காரணமாக இல்லை. 2023 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142ஆம் பிரிவைக் கொண்டு அப்படி வழங்கத் தனக்கு அதிகாரம் உண்டென்றது. குடும்ப நல நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது.

ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முத்திரைத்தாளில் எழுதி ‘அத்துவிட்டாச்சு’ என்பது இன்னும் நடக்கிறது. தொன்றுதொட்ட சாதி வழக்கத்தின்படியான மணவிலக்கை 29ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் தொடர்ந்து இருந்துவருகிறது என்று நிரூபிப்பது, அதை நம்பியவரின் பொறுப்பு. நிரூபிக்க முடியாவிட்டால் முத்திரைத்தாளுக்குப் பிறகு நடந்த இரண்டாம் திருமணமே செல்லாததாகிவிடும். சுயமரியாதைத் திருமணம் 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி முழுமையான திருமணம். பதிவு செய்யாத கோயில் திருமணமும் அப்படியே. தாலியைக் கழற்றித் தந்ததால் முடியாது, தீர்ப்பு வேண்டும்.

‘மியூச்சுவல்’ என்று சுருக்கமாகச் சொல்வது

13பி பிரிவின் கீழ், இருவர் சம்மதத்துடன் விவாகரத்து. ஓராண்டாவது தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தால் அதுவும் தனித்து வாழ்வதே. கூட்டாகக் கையெழுத்திட்ட மனுவை முன்வைப்பது முதல் கட்டம். ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து ‘இன்னும் இதே முடிவில் இருக்கிறோம்’ என்று சொல்வது இரண்டாம் கட்டம். இடைப்பட்ட ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டென்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிரிந்து ஒன்றரை ஆண்டு ஏற்கெனவே ஆகியிருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், பணம், குழந்தை, பொருள் எல்லாவற்றிலும் உடன்பாடு முடிந்திருக்க வேண்டும். முதல் கட்டம் முடிந்து ஒரு வாரத்தில் இதற்கான மனுவைப் போடலாம்.

தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இங்கேதான் பணம் சிக்கும். மொத்தத் தொகையையும் முதல் கட்டத்திலேயே கொடுத்தவர், மற்றவர் வராமல் போனால் திகைத்து நிற்பார். ஒன்றும் வாங்காமல் வழக்குகளை எல்லாம் வாபஸ் வாங்கியவருக்கும் அதே கதி. பாதித் தொகைக்கான வங்கி வரைவோலை முதல் கட்டத்தன்று, மீதி இரண்டாம் கட்டத்தன்று நீதிபதி முன்னிலையில் என்று எழுதுவதே பாதுகாப்பு. வரதட்சிணைக் கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தால் ‘வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்’ என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் போதாது. பழைய 498ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு, தரப்புகள் தாங்களே சமரசமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றமல்ல. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட்டுத்தான் முடிக்க முடியும். அந்த மனுவில் புகார் கொடுத்தவர் ஆஜராகி ஒத்துழைப்பார், எத்தனை நாளுக்குள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

சமரச மையத்துக்கு அனுப்பினால் ‘சேர்த்துவைக்கப் பார்க்கிறார்கள்’ என்று அஞ்ச வேண்டாம். கௌரவமாகப் பிரிவதற்கான உடன்பாடும் சமரசமே. அங்கே பேசியதை வழக்கில் சாட்சியமாக்க முடியாது.

ஜீவனாம்சம்: ஒரு சொல், பல கதவுகள்

வழக்கு நடக்கும்போது மாதச் செலவுக்கும் வழக்குச் செலவுக்கும் கேட்பது இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, இடைக்கால ஜீவனாம்சம். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை தீர்க்க வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் இழுக்கும். தீர்ப்போடு அல்லது தீர்ப்புக்குப் பிறகு கேட்பது 25ஆம் பிரிவு, நிரந்தர ஜீவனாம்சம். மாதாமாதமாகவும் இருக்கலாம், ஒரே தொகையாகவும் இருக்கலாம். வருமானமில்லாத கணவரும் இந்த இரண்டு பிரிவுகளிலும் கேட்க முடியும் என்பது பலருக்குப் புதுச் செய்தி.

விவாகரத்து வழக்கே இல்லாமல், எந்த மதத்தவரும், மனைவிக்கும் குழந்தைக்கும் வயதான பெற்றோருக்கும் கேட்பது பழைய 125ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. விவாகரத்தான மனைவியும் மறுமணம் செய்யும்வரை இதில் வரலாம். கட்டாமல் விட்டால் வாரண்ட், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போய்வந்தால் பாக்கி கழிந்துவிடாது, கடன் அப்படியே நிற்கும். ஆனால் வாங்க வேண்டியவர் பக்கத்தில் ஒரு பொறி உண்டு. பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போடாவிட்டால் அந்தத் தொகைக்கு வாரண்ட் கிடைக்காது. ‘மொத்தமாகச் சேரட்டும்’ என்று இரண்டு ஆண்டு காத்திருப்பவர்கள் முதல் ஆண்டுக்கான வாரண்டை இழக்கிறார்கள். பத்து மாதத்துக்கு ஒருமுறையாவது மனு போடுங்கள்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மூன்றாவது கதவு. பண உதவியோடு, சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்ற வசிப்பிட உத்தரவும், அண்டக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவும் இங்கே கிடைக்கும். வீடு மாமனார் பேரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீடாக இருக்க முடியும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மாவட்டச் சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் மூலமாக மனுப் போடலாம்.

மூன்று கதவையும் ஒரே நேரத்தில் தட்டலாம், ஆனால் ஒன்றை மறைத்து இன்னொன்றில் கேட்கக் கூடாது. 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பிறகு, முந்தைய உத்தரவை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்தத் தொகையைக் கழித்தோ சேர்த்தோ கணக்கிடுவார்கள். இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் பற்றிய உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும், எதிர்மனுதாரருக்கு நான்கு வாரம். தொகை மனு போட்ட நாளிலிருந்து கணக்காகும் என்பதால் வாய்தா இழுத்தடிப்பதில் லாபமில்லை, பாக்கிதான் ஏறும். சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு என்று எல்லோரும் சொல்வது எந்தச் சட்டப் பிரிவிலும் இல்லை. 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்ன அளவு அது, இரும்பு விதியல்ல.

சீதன நகை ஜீவனாம்சத்தில் சேராது. பெண்ணுக்குப் போட்ட நகையும் அவளுக்கு வந்த பரிசும் முழுக்க அவளுடையவை, கணவர் வீட்டில் இருந்தாலும் அவை ஒப்படைக்கப்பட்ட பொருள்தான். இவற்றைத் திருப்பிக் கேட்கத் தனி வரி எழுத வேண்டும். கல்யாண போட்டோவில் தெரியும் நகை, கடை ரசீது, லாக்கர் விவரம் ஆகியவற்றை வைத்துப் பட்டியல் போடுங்கள். ‘100 பவுன் போட்டோம்’ என்ற ஒற்றை வரி நிற்காது.

பொறுப்பு வேறு, பாதுகாவல் வேறு

‘கஸ்டடி’ என்பது குழந்தை யாரோடு இருந்து வளரும் என்ற அன்றாடப் பொறுப்பு. ‘கார்டியன்’ என்னும் பாதுகாவலர் என்றால் குழந்தை சார்பில் சட்டப்படி முடிவெடுப்பவர், கையெழுத்திடுபவர், சொத்தைக் காப்பவர். குழந்தை அம்மாவோடு இருந்தபடியே அப்பா பாதுகாவலராகத் தொடர முடியும். பள்ளி, வங்கி, பாஸ்போர்ட் அலுவலகம் எங்கேயும் இந்தக் குழப்பம்தான் முட்டுக்கட்டை. ஆகவே பொறுப்பு மட்டும் கேட்கிறீர்களா, பாதுகாவலராக அறிவிக்கவும் கேட்கிறீர்களா என்பதை மனுவில் பிரித்து எழுதுங்கள்.

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், இயற்கைப் பாதுகாவலர் தந்தை, ‘அவருக்குப் பின்’ தாய் என்கிறது. அந்தப் ‘பின்’ என்ற சொல்லுக்கு ‘இறந்த பின்’ என்று மட்டும் பொருளல்ல, தந்தை குழந்தையைக் கவனிக்காத நிலையிலும் தாயே பாதுகாவலர் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும். இதிலிருந்து ‘ஐந்து வயதானால் அப்பாவிடம் போய்விடும்’ என்று ஒரு கதை கிளம்பியிருக்கிறது. சட்டத்தில் அப்படி ஒரு சொல் கிடையாது. எந்த வயதிலும் குழந்தையின் நலனே முதன்மை என்கிறது 13ஆம் பிரிவு.

நலன் என்பது யார் வீட்டில் பணம் அதிகம் என்பதல்ல. பள்ளி, உடல்நிலை, இதுவரை யார் பார்த்துக்கொண்டார்கள், கூடப்பிறந்தவர்கள் எங்கே, பாட்டி தாத்தா துணை, குழந்தையின் மனம் என்று எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். விவரம் தெரிந்த குழந்தையை நீதிபதி தன் அறையில் தனியாக அழைத்துப் பேசுவார். முந்தின நாள் ராத்திரி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பேச்சு அங்கே பல்லிளிக்கும். எட்டு வயதுப் பிள்ளை ‘எதிர்மனுதாரர் எங்களைப் பராமரிக்கவில்லை’ என்று பேசினால் யார் எழுதிக்கொடுத்தது என்பது நீதிபதிக்குப் புரியாதா?

விவாகரத்து வழக்கு நடக்கும்போது பொறுப்பு கேட்பது இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. விவாகரத்து வழக்கே இல்லையென்றால் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தில் தனி வழக்கு, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில். குடும்ப வன்முறை வழக்கில் 21ஆம் பிரிவின் கீழ்க் கிடைப்பது தற்காலிகப் பொறுப்பு மட்டுமே. ஆட்கொணர்வு மனு என்பது குழந்தையைச் சட்டவிரோதமாகப் பிடித்துவைத்திருக்கும்போது உயர் நீதிமன்றம் போவது.

இடைக்காலப் பொறுப்பை ‘இடைக்காலம்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். குழந்தை ஒரு வீட்டில், ஒரு பள்ளியில் இரண்டு ஆண்டு ஊன்றிவிட்டால் அதைப் பிடுங்கி நட நீதிமன்றம் தயங்கும். அதே சமயம் இறுதி உத்தரவும் கல்வெட்டல்ல. சென்னையிலிருந்து போன வழக்கொன்றில் 1973லேயே உச்ச நீதிமன்றம், சூழ்நிலை மாறினால் பொறுப்பு உத்தரவையும் மாற்றலாம் என்று சொல்லியிருக்கிறது. கூட்டுப் பொறுப்பைச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015இல் தன் 257ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை, நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு வகுத்துத் தருவதே கிடைக்கிறது.

உடன்பாட்டில் ‘வீட்டைக் குழந்தை பேரில் எழுதிவைக்கிறேன்’ என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். இளவரின், அதாவது 18 வயது நிறையாதவரின், அசையாச் சொத்தை இயற்கைப் பாதுகாவலர் நீதிமன்ற அனுமதியின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது (1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு). நாளை கல்லூரிச் செலவுக்கு அந்த வீட்டைத் தொட வேண்டுமானால் இன்னொரு வழக்கு. பணமாக வேண்டுமா, இடமாக வேண்டுமா என்பதை எழுதும்போதே முடிவு செய்யுங்கள். இன்னொன்றும் உண்டு. ‘எனக்கும் குழந்தைக்கும் இனி எதுவும் வேண்டாம்’ என்று தாய் எழுதிக்கொடுத்தாலும் குழந்தையின் ஜீவனாம்ச உரிமை அழியாது, அதை விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமையில்லை.

‘நியாயமான அளவில் பார்க்கலாம்’ என்று எழுதாதீர்கள்

குழந்தை தன்னோடு இல்லாத பெற்றோருக்குக் கிடைப்பது சந்திப்பு உரிமை, வழக்குமன்றத்தில் ‘விசிட்டேஷன்’. இதில் மூன்று படி உண்டு. நீதிமன்ற வளாகத்திலோ பொது இடத்திலோ சில மணி நேரம் பார்ப்பது முதல் படி. வெளியே அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவிடுவது இரண்டாவது, இரவு தங்கவைப்பது மூன்றாவது. இவை தவிர, போனிலும் வீடியோ அழைப்பிலும் பேசும் தொடர்பு உரிமை என்று தனியாக ஒன்றை 2020இல் வந்த வேறொரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது, குறிப்பாகப் பெற்றோர் வேறு ஊரிலோ நாட்டிலோ இருக்கும்போது. நீங்கள் எந்தப் படியைக் கேட்கிறீர்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மாதக்கணக்கில் பார்க்காத கைக்குழந்தைக்கு முதல் நாளே இரவு தங்கல் கேட்டால் கிடைக்காது. முதல் மூன்று மாதம் இரண்டு மணி நேரம், பிறகு ஒரு பகல், பிறகு ஓர் இரவு என்று படிப்படியாகக் கேட்பவருக்கு நீதிபதியின் காது திறக்கும்.

உத்தரவோ உடன்பாடோ, ‘இருவருக்கும் வசதியான நேரத்தில்’ என்று எழுதினால் ஒருபோதும் வசதிப்படாது. இப்படி எழுதுங்கள்: ‘ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் காலை 10 மணிக்குத் தந்தை, தாயின் குடியிருப்பு வாசலில் குழந்தையை அழைத்துக்கொண்டு, மறுநாள் ஞாயிறு மாலை 5 மணிக்கு அதே இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.’ அதன் கீழே சின்னச் சின்ன வரிகள் வரட்டும். தாமதமானால் எத்தனை நிமிடம் காத்திருப்பது? காய்ச்சல் என்றால் எப்படித் தெரிவிப்பது, தவறிய நாளுக்கு ஈடாக எந்த வாரம்? பரீட்சை மாதத்தில் என்ன? கோடை விடுமுறையில் முதல் பாதி யாருக்கு? தீபாவளி ஓராண்டு இங்கே என்றால் பொங்கல் அங்கே, அடுத்த ஆண்டு மாற்றி. குழந்தையின் பிறந்த நாளன்று எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? வீடியோ அழைப்பு வாரத்தில் எந்த நாட்கள், எந்த நேரம், யாருடைய போனில்? பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு இருவரும் போகலாமா, மதிப்பெண் அட்டையின் நகல் யாருக்கு? ஆதார், தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆகியவற்றின் அசல் யாரிடம்? வெளியூர் அழைத்துப்போக எத்தனை நாள் முன்னறிவிப்பு? இவ்வளவு நுணுக்கமா என்று தோன்றும். எழுதப்படாத ஒவ்வொரு வரியும் பின்னால் ஒரு ஐ.ஏ. ஆகத் திரும்பி வரும்.

ஜீவனாம்சம் வரவில்லை என்று குழந்தையைக் காட்டாமல் இருப்பதும், குழந்தையைக் காட்டவில்லை என்று ஜீவனாம்சத்தை நிறுத்துவதும் தினமும் நடப்பவை. சட்டத்தில் இவை ஒன்றுக்கொன்று ஈடு அல்ல. பணம் வரவில்லையென்றால் வசூல் மனு, குழந்தையைக் காட்டவில்லையென்றால் நிறைவேற்று மனு அல்லது நீதிமன்ற அவமதிப்பு. குறித்த நாளில் போய் நின்று, வரவில்லை என்பதை அன்றே வாட்ஸ்ஆப்பிலோ பதிவுத் தபாலிலோ எழுதி அனுப்பி வையுங்கள், நிறைவேற்று மனுவுக்கு அது உயிர்.

வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு குறிப்பு. குழந்தைக் கடத்தல் பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ பெற்ற பொறுப்பு உத்தரவை இங்குள்ள நீதிமன்றம் ஒரு காரணியாகப் பார்க்கும், அப்படியே நிறைவேற்றாது. இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக வெளிநாட்டு நீதிமன்றம் தந்த விவாகரத்து, மற்றவர் அதை ஒப்புக்கொண்டிருந்தால் தவிர இங்கே செல்லாது என்பது 1991 முதல் சட்டம்.

பிற திருமணங்களில் மாறுவது

கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். அதன் 10ஏ பிரிவில் சம்மத விவாகரத்துக்கு இரண்டு ஆண்டு பிரிந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. சபை தரும் திருமண ரத்து சபைக்குள் மட்டும்தான், சிவில் சட்டத்தில் திருமணம் நீடிக்கும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு அந்தச் சட்டமே, அதன் 28ஆம் பிரிவில் சம்மத விவாகரத்து. முஸ்லிம்களில் மனைவி 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழக்குப் போடலாம். மனைவி முன்வைத்துப் பெறும் விலக்கு குலா, இருவர் இசைவோடு பிரிவது முபாரத். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி செல்லாது, குற்றமும்கூட. தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் போதாது, நீதிமன்றத்தை நாட வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

தீர்ப்பு வந்த பிறகு

தீர்ப்பு என்பது காரணங்களோடு எழுதிய முழு உரை. தீர்ப்பாணை அல்லது ‘டிகிரி’ என்பது முடிவை மட்டும் சொல்லும் தனித்தாள். பள்ளி, வங்கி, பாஸ்போர்ட் அலுவலகம், மறுமணப் பதிவு என்று எங்கே போனாலும் கேட்பது இரண்டாவதன் சான்றிட்ட நகல். நகல் மனுவை அன்றே போடுங்கள், இரண்டு பிரதி கேளுங்கள்.

மேல்முறையீட்டுக்குக் குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது. மேல்முறையீடு செய்ய நினைப்பவர் 30ஐ வைத்துக்கொள்ளட்டும், மறுமணத்துக்கு நாள் பார்ப்பவர் 90 கழியட்டும் என்று காத்திருக்கட்டும். எதிர்த்தரப்பு மேல்முறையீடு போட்டிருக்கிறதா என்று உயர் நீதிமன்ற இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுங்கள். இருவர் சம்மதத்தோடு வந்த தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பு ஏதுமின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் பெறலாம். நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். போனில் 15100.